ஐம்பத்தொரு கிராம்

காலை ஏழு பத்து. இட்லி நான்கு. அவள் பெயர் அஞ்சலாட்சி.

இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் சார், மற்றதைப் பிறகு சொல்கிறேன். மாடிக்குக் குடிவந்து இரண்டு நாள்தான் ஆகிறது உங்களுக்கு. குடும்பம் திருச்சியில். பள்ளிக்கூடம் முடிந்து ஜூனில்தான் வருவார்கள். அதுவரை பக்கத்தில் மலிவாக எங்கே சாப்பிடலாம் என்று கேட்டீர்கள். ஒரே வரியில் பதில் சொல்லலாம்: எங்கேயும் சாப்பிட முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால் வீட்டுக்காரர் முசுடு என்று நினைத்துக்கொள்வீர்கள். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள்.

நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை வைக்கிற உத்தியோகம். முப்பத்தொரு வருஷம். தணிகாசலம் கடைத்தெருவில் நுழைகிறான் என்றால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவன் எழுந்துவிடுவான். இப்போது எவனும் எழுவதில்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றுமில்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. இதோ பாருங்கள், சட்டைப்பையில் அடங்குகிற தராசு. நகைக்கடையில் வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. என் சொந்தக் காசில் வாங்கினேன். ஒரு கிராம் பிசகாது.

போன வருஷம் ஜூனில் என் மனைவி புனிதவதி பேரனைப் பார்த்துக்கொள்ளப் புனேவுக்குப் போனாள். பெண் சுகந்திக்கு அங்கே வேலை. போகும்போது, 'ஒரு ரசமாவது வைக்கக் கத்துக்கங்க' என்றாள். அறுபத்து மூன்று வயதில் ரசமா? இத்தனை ஆயிரம் வீடு கட்டியிருக்கிறான், செங்கல்பட்டு ரயில் எல்லாம் நின்று போகிறது, ஒரு மனிதன் வயிறு நிறையச் சாப்பிட இடம் இருக்காதா என்று நினைத்தேன். இல்லை சார்.

நெடுஞ்சாலையில் பெரிய உயர்தர சைவம் ஒன்று இருக்கிறது. பார்த்திருப்பீர்கள், வாசலில் பொம்மை யானை. உள்ளே போனால் கோட்டு போட்டவன் ஒருவன் வணக்கம் சொல்கிறான். அந்த வணக்கத்துக்கும் சேர்த்துத்தான் விலை. இரண்டு இட்லிக்கு நான்கு சட்னி. நான்கிலும் ஒரே பொட்டுக்கடலை, சாயம்தான் வேறு. சாம்பாரில் வெல்லம். வடையை எடுத்துத் தராசில் வைத்தேன், முப்பத்து மூன்று கிராம். பரிமாறுகிறவன் பார்த்துவிட்டு, 'சார், வடைக்கும் செய்கூலி சேதாரம் உண்டான்னு கேளுங்க' என்றான். பக்கத்து மேசையில் சிரிப்பு. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்தது மாணவர் விடுதிக்குப் பக்கத்தில் இருக்கிற மெஸ். அளவில்லாச் சாப்பாடு என்று பலகை. மேசை துடைக்கிற துணியை நீங்கள் பார்க்க வேண்டும். பார்த்தால் அந்த மேசையில் கை வைக்க மாட்டீர்கள். அதே துணியில் அவன் தட்டைத் துடைத்தான். அதே துணியில் கழுத்தைத் துடைத்தான். சாம்பார் வாளியைக் கொண்டுவரும்போது கட்டைவிரல் வாளிக்கு உள்ளே. 'தம்பி, விரல் சுடலையா?' என்று கேட்டேன். 'பழகிடுச்சு சார்' என்கிறான். சோற்றில் சோடா உப்பு. தின்று ஒரு மணி நேரம் வயிறு கல் மாதிரி இருக்கும், அப்புறம் தின்றதே தெரியாது.

பிரியாணிக் கடைகளைக் கேட்காதீர்கள். இந்த ஒரு கிலோமீட்டரில் பதினொன்று. நான் சைவம், எனக்கு அதில் வேலை இல்லை, ஆனால் எண்ணியிருக்கிறேன். காலை பதினொன்றுக்கே அண்டாவைத் தட்ட ஆரம்பிக்கிறான், இழவு வீட்டுப் பறை கெட்டது. பின்பக்கம் போய்ப் பார்த்தால் எலும்பும் வெங்காயச் சருகும் காலி மனையில் கொட்டிக் கிடக்கும். நாய்கள் மட்டும்தான் இந்த ஊரில் மலிவாகச் சாப்பிடுகின்றன.

போனில் வரவழைக்கலாமே என்பீர்கள். வரவழைத்தேன். கொண்டுவருகிறவன் நம் தெருமுனையில் நின்று ஆறு தடவை போன் செய்தான். ஏழாவது தடவை எடுத்தபோது, 'சார், உங்க நகர் உலக மேப்புலயே இல்ல' என்றான். வந்து சேர்ந்தபோது சாம்பார் பொட்டலம் உடைந்து தோசை அதில் ஊறிக் கிடந்தது. ஊறின தோசைக்கு நூற்று எண்பது ரூபாய்.

'வீட்டுச் சாப்பாடு கிடைக்கும்' என்று ஒரு வீட்டு வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். நான்கு நாள் வாங்கினேன். நான்கு நாளும் கூட்டில் முடி. நான்கும் வேறு வேறு நீளம். அந்த வீட்டில் எத்தனை பேர் சமைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்படி மூன்று மாதம். எனக்கு ஒன்பது வருஷமாகச் சர்க்கரை. வேளைக்குச் சாப்பிட்டு மாத்திரை போட வேண்டும். செப்டம்பரில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தபோது நூற்றுத் தொண்ணூற்றாறு. டாக்டர், 'இட்லின்னா மூணு, அதுக்கு மேல வேணாம்' என்றார். என்னால் முடியாது சார். தட்டில் நான்கு இருக்க வேண்டும். சின்ன வயதிலிருந்து நான்கு. மூன்று என்பது சாப்பாடு இல்லை, ருசி பார்ப்பது.

அப்போதுதான் அஞ்சலாட்சியைக் கண்டுபிடித்தேன். நம் தெரு முடிகிற இடத்தில் மழைநீர்க் கால்வாய் இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் தள்ளுவண்டி. காலை ஆறரையிலிருந்து பத்து வரை. செய்யாறு பக்கத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். முதல் நாள் போனவுடனே ஓர் இட்லியை எடுத்து எடை போட்டேன். ஐம்பத்தொரு கிராம். அடுத்ததும் ஐம்பத்தொன்று. மூன்றாவது ஐம்பது. என் முப்பத்தொரு வருஷத்தில் இவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

'இன்னா சார், வெயிட்டு சரியா இருக்குதா?'

'இருக்கிறது' என்றேன்.

'அப்போ தின்னுங்க. ஆறிடப் போவுது.'

ஒன்று பத்து ரூபாய். நான்கு இட்லி நாற்பது. கெட்டிச் சட்னி, சாம்பாரில் வெல்லம் கிடையாது. குறை இல்லாமல் இல்லை. தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி கிடையாது. கால்வாயில் சாக்கடையும் கலந்து வாடை வரும். தட்டின் மேல் போடுகிற பிளாஸ்டிக் தாளை எச்சில் தொட்டுப் பிரிப்பாள். நான் சொல்லிச் சொல்லி, பிறகு ஈரத்துணி வைத்துக்கொண்டாள். ஆனாலும் தினமும் ஏழு பத்துக்குப் போனேன். எனக்கென்று ஒரு ஸ்டூல் எடுத்து வைத்திருப்பாள். யாராவது அதில் உட்கார்ந்தால், 'எந்திரிண்ணா, ஆபீசர் வர்ற டைம்' என்பாள். எனக்கு முன் ஒருவன் எழுந்து நின்று எத்தனை வருஷம் ஆயிற்று, சொல்லுங்கள். அப்படி எழுந்தவன் ஜேசிபி ஓட்டுகிற கன்னியப்பன். ஏழு இட்லி தின்பான்.

தீபாவளிக்குப் புனிதவதி பத்து நாள் வந்திருந்தாள். நான் எங்கே சாப்பிடுகிறேன் என்று பார்க்க வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பேசினார்கள். பெண்களுக்குப் பேச என்னதான் இருக்குமோ. ஊருக்குக் கிளம்புகிற அன்று காலையில் மஞ்சள் பையில் எதையோ எடுத்துக்கொண்டு தனியாக ஒரு தடவை போய் வந்தாள். பழைய புடவை கொடுத்திருப்பாள் என்று நினைத்தேன்.

தீபாவளிக்குப் பிறகு அஞ்சலாட்சியின் இட்லி அப்படியே எங்கள் வீட்டு இட்லி மாதிரி ஆகிவிட்டது. கைப்பக்குவம் கூடியிருக்கிறது என்று நினைத்தேன். இன்னொன்று, என்னிடம் முப்பது ரூபாய்தான் வாங்க ஆரம்பித்தாள். நாற்பதை நீட்டினால் பத்தைத் திருப்பிக் கொடுப்பாள். உத்தியோகத்தில் இருந்தவன் என்கிற மரியாதை. நானும் மறுக்கவில்லை. ஜனவரி முதல் வாரம் ரத்தம் எடுத்தபோது நூற்று முப்பத்தொன்று. டாக்டரே ஆச்சரியப்பட்டார். 'தினமும் நடக்கிறேன் டாக்டர்' என்றேன். இங்கிருந்து கால்வாய் வரைக்கும் போக வர எண்ணூறு மீட்டர்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஒரு நாள், பக்கத்தில் கன்னியப்பன் தட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். அவன் இட்லி தட்டின் விளிம்பைத் தொடுகிறது. என் இட்லி நடுவில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறது. தராசை எடுத்தேன். முப்பத்தெட்டு கிராம்.

கன்னியப்பனிடம், 'உன் தட்டில் தொடாதது ஒன்று இருந்தால் கொடு' என்றேன்.

'இன்னா சார், என் இட்லி மேல கண்ணு?' என்று சிரித்துக்கொண்டே கொடுத்தான்.

ஐம்பத்தொன்று.

ஒன்றுக்குப் பதின்மூன்று கிராம் குறைவு. நான்குக்கு ஐம்பத்திரண்டு கிராம். எனக்கு மட்டும். முத்திரை ஆய்வாளருக்கு! முப்பத்தொரு வருஷம் ஊரான் தராசை எல்லாம் சோதித்தவனை ஒரு தள்ளுவண்டிக்காரி இரண்டு மாதமாக எடையில் ஏமாற்றியிருக்கிறாள். பத்து ரூபாய் திருப்பிக் கொடுத்தது மரியாதை இல்லை, குற்ற உணர்ச்சி என்று அப்போது புரிந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அவ்வளவு அருவருப்பு.

அவளிடமே கேட்டிருக்கலாமே என்று பிறகு சுகந்தி சொன்னாள். சோதனைக்குப் போகிறவன் கேட்பதில்லை சார். கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள்.

அன்றே எனக்குக் கீழே வேலை பார்த்த குமரகுருபரனைப் போனில் பிடித்தேன். இப்போது அவன்தான் ஆய்வாளர். 'சார், இட்லியை எண்ணித்தானே விக்கிறாங்க? நிறுத்து விக்கலையே. நம்ம சட்டத்துல வராதே சார்' என்றான். வராது. எனக்கும் தெரியும். அதனால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு எழுதினேன். பதிவுச் சான்றிதழ் இல்லை. தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி இல்லை. கழிவுநீர்க் கால்வாயிலிருந்து நான்கு மீட்டர். டேப் வைத்து அளந்துதான் எழுதினேன். ஒரு வார்த்தை பொய் கிடையாது. மூன்று பக்கம்.

ஜனவரி இருபதாம் தேதி காலை ஜீப் வந்தது. நான் முன்னாலேயே போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். வந்த அதிகாரி சின்னப் பெண், முப்பது வயது இருக்காது. புகார் கொடுத்தவர் யார் என்று அவள் சொல்லவில்லை, அது முறையும் இல்லை. நானாகத்தான் எழுந்து, 'அம்மா, புகார் கொடுத்தவன் நான்தான். இன்னொரு ஆதாரம் இருக்கிறது' என்றேன்.

அஞ்சலாட்சி மாவுக் கரண்டியோடு திரும்பினாள். 'சார், நீங்களா?' என்றாள். அவ்வளவுதான்.

இட்லிப் பானையைத் திறக்கச் சொன்னேன். அடியில் இரண்டு பெரிய தட்டு. மேலே தனியாகச் சின்னத் தட்டு ஒன்று, நான்கே குழி. 'பாருங்கம்மா, இதுதான் எனக்கு ஊற்றுகிற தட்டு' என்றேன். அதிகாரி துணியால் பிடித்து அதை எடுத்துத் தண்ணீர் ஊற்றித் திருப்பினாள். அடிப்பக்கம் பெயர் வெட்டியிருந்தது. நம் வீடுகளில் பாத்திரம் வாங்கினால் பெயரும் தேதியும் வெட்டுவோமே, அந்த மாதிரி. அவள் வாய்விட்டுப் படித்தாள்:

'த. சுகந்தி. நாலு ஒம்பது தொண்ணூத்தஞ்சு.'

சுகந்தியின் முதல் பிறந்தநாள் சார் அது. குழந்தைக்கு இட்லி ஊற்ற என்று சின்னக் குழியாகப் பார்த்துப் புனிதவதி காஞ்சிபுரத்தில் வாங்கினது. அந்த 'த' நான்தான்.

'சுகந்தி யாரு?' என்றாள் அதிகாரி.

'என் பெண்' என்றேன். 'திருட்டுப் பாத்திரம். என் வீட்டிலிருந்து போயிருக்கிறது. இதையும் சேர்த்து எழுதுங்கள்.'

அப்போதுதான் அஞ்சலாட்சி பேசினாள். என்னைப் பார்த்துப் பேசவில்லை, அதிகாரியைப் பார்த்துத்தான். 'திருடல மேடம். இவுரு வீட்டம்மா குடுத்துட்டுப் போனாங்க. சக்கரை இருக்குது, மூணு தின்னாப் போதும், ஆனா நாலு எண்ணி வெச்சாத்தான் மனசு ஒப்புமாம். இதுல ஊத்துனா நாலும் மூணும் ஒண்ணுதான்னாங்க. மூணு இட்லிக்குத்தான் காசு வாங்கறேன். இவருகிட்ட சொல்ல வேணாம்னு சத்தியம் வாங்கிக்கினாங்க.'

கன்னியப்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். 'சார், உங்க வீட்டுத் தட்டு, உங்க வீட்டு இட்லி! புகாரைப் புனேவுக்கு இல்ல அனுப்பியிருக்கணும்' என்றான். எனக்கு அந்த ஆளை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது.

அந்த அதிகாரி தன் வேலையைத்தான் செய்தாள். பதிவு இல்லை, பீப்பாய்க்கு மூடி இல்லை, கால்வாய் நான்கு மீட்டர். எல்லாம் நான் எழுதினபடியே இருந்தது. வண்டியை எடுத்துப் போனார்கள். மாவைக் கால்வாயில் கொட்டச் சொன்னார்கள். இரண்டு பெரிய அடுக்கு மாவு, வெள்ளையாகப் போயிற்று. தட்டில் என் பெண்ணின் பெயர் இருந்ததால் என் கையில் கொடுத்தார்கள். உள்ளே அலமாரியில் இருக்கிறது. வேண்டுமானால் காட்டுகிறேன்.

அன்று சாயங்காலம் புனிதவதியைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்:

'ஒம்பது வருஷமா நானும் அதே தட்டுலதான் ஊத்துனேன். என்னிக்காவது எடை போட்டீங்களா?'

வீட்டில் எடை போடுகிற பழக்கம் எனக்கு இல்லை என்றேன். லைன் போய்விட்டது. புனேவில் சிக்னல் சரியில்லை, சுகந்தி அடிக்கடி சொல்வாள். ஏப்ரலில் திரும்பி வருவதாக இருந்தவள், பேரனுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வருஷம் பழகட்டும், பிறகு பார்க்கலாம் என்று சுகந்தியிடம் சொல்லி அனுப்பினாள். அங்கே தட்பவெப்பமும் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதாம்.

நான் செய்ததில் என்ன தவறு, நீங்களே சொல்லுங்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர், உங்களுக்குப் புரியும். நல்லது நினைத்தால் நினைத்ததைச் சொல்லிச் செய்ய வேண்டும். சின்ன இட்லி என்று ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன்? அளவு என்றால் அளவு. நல்லெண்ணத்துக்கு முத்திரை வைக்க முடியுமா? மூன்று பேர் சேர்ந்து, சரி, இரண்டு பேர், ஒரு மனிதனுக்குத் தெரியாமல் அவன் தட்டில் கை வைப்பது எந்த ஊர் நியாயம்?

அதற்குப் பிறகு எட்டு வாரம் மறுபடி மெஸ். அதே துணி, அதே கட்டைவிரல். அஞ்சலாட்சி அடுக்குமாடி கட்டுகிற இடத்தில் சித்தாளாகச் செங்கல் தூக்குகிறாள் என்று கன்னியப்பன், நான் கேட்காமலே, ரோட்டில் வண்டியை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனான். மார்ச் முதல் வாரம் ரத்தம் எடுத்தேன். இருநூற்றுப் பதினான்கு. நடை அதே நடைதான். அந்தப் பரிசோதனைக் கூடத்து இயந்திரத்தை யாரும் சரிபார்ப்பதே இல்லை என்று நினைக்கிறேன். அதற்கும் ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலிவாக, வயிற்றுக்குக் கெடுதல் இல்லாமல் சாப்பிட வேண்டுமானால் ரயில்வே சுரங்கப்பாதையில் நுழைந்து அந்தப் பக்கம் ஏறுங்கள். மழை நாளில் முழங்கால் தண்ணீர், பார்த்துப் போங்கள். ஏறினவுடன் இடதுபுறம் நீலத் தார்ப்பாய் போட்ட வண்டி. அவள்தான். இப்போது பதிவுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறாள். பீப்பாய்க்கு மூடி இருக்கிறது, குழாய் வைத்திருக்கிறாள். பக்கத்தில் கால்வாய் கிடையாது. யாரால் இதெல்லாம் வந்தது என்று அவளும் சொல்லமாட்டாள், நானும் சொல்லிக்கொள்வதில்லை. நீங்களும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். இந்த வீட்டு மாடியில் குடியிருப்பதாகவும் சொல்ல வேண்டாம்.

நான் ஒரு தடவை போனேன். மார்ச் பதினேழாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழு பத்து. ஸ்டூல் எதுவும் காலியாக இல்லை, யாரும் எழுந்திருக்கவில்லை. நின்றேன். 'எத்தினி?' என்றாள். 'நாலு' என்றேன். நான்கு வைத்தாள். ஒவ்வொன்றும் ஐம்பத்தொரு கிராம் இருந்தது. நாற்பது ரூபாய் வாங்கிக்கொண்டாள்.